மூடிய பள்ளியில் எரிந்த அடுப்பு

அமெரிக்காவில் அரசு மானியத்தில் மதிய உணவு வாங்கும் குழந்தை அதைப் பள்ளியிலேயே, மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. குழந்தைக்குப் பதிலாக அம்மா வந்து வாங்கிப் போகவும் கூடாது. 1946இல் சட்டமான தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டம் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடந்துவந்தது. கொடுக்கிற காசு குழந்தையின் வயிற்றுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் போட்ட விதி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளைப் பூட்ட வேண்டி வந்தபோது முதலில் குறுக்கே நின்றதும் இதுதான். பள்ளியில் உட்கார்ந்து சாப்பிடு என்கிறது சட்டம். பள்ளிப் பக்கமே வராதே என்கிறது சுகாதாரத் துறை.

அந்த மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அதற்கு முன் அங்கே பள்ளிகள் யார் கையில் இருக்கின்றன என்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை நேரடியாக நடத்துவது வாஷிங்டனும் இல்லை, மாநிலத் தலைநகரமும் இல்லை. நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் ஊர் ஆட்சியர் மாவட்டத்தோடு இதற்குத் தொடர்பில்லை. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த தனி நிர்வாகம் இது. பெரும்பாலான மாவட்டங்களில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம், அதற்கென்று பட்ஜெட், கட்டடங்கள், பேருந்துகள், சமையலறைகள், எல்லாமே சொந்தம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் நியூயார்க்குக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரியது. 1,800 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 1,000க்கும் மேற்பட்ட பள்ளிகள், அப்போது சுமார் 6 லட்சம் மாணவர்கள். ஏழு பேர் கொண்ட வாரியம் அதை ஆள்கிறது. அங்கே படிக்கும் பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

அந்த மாவட்டம் கொரோனாக் காலத்தை எப்படிக் கடந்தது என்பதைத் தொடர்ந்து படித்துவருகையில் ஒன்று எனக்கு மெல்ல மெல்லத் தெளிவானது. சாதாரண நாட்களில் கை பழகிய வேலைகளை அது நோய்க்காலத்தில் மலைக்க வைக்கும் அளவுக்குச் செய்தது. பழகாத வேலைகளில், எவ்வளவு பணம் கொட்டியும், திணறியது.

கை பழகிய வேலைகளில் முதலாவது சமையல். மார்ச் 13, வெள்ளிக்கிழமை, பள்ளிகள் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த புதன்கிழமையே மாவட்டம் முழுக்க 60க்கும் மேற்பட்ட இடங்களில் உணவு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பள்ளி வாசலில் கார்கள் வரிசை கட்டின. நடந்து வருபவர்களுக்குத் தனி வரிசை. பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. குழந்தையைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லவில்லை. வேலை இழந்த பெரியவர்கள் வந்து நின்றாலும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் உணவுக்கு மத்திய அரசு ஒரு காசு தராது என்று தெரிந்தே கொடுத்தார்கள். ஓராண்டு நிறைவதற்குள் அந்தச் சமையலறைகளிலிருந்து போன உணவு 10 கோடியைத் தாண்டியது. சத்துணவுக் கூடத்து வரிசையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பள்ளி என்பது முதலில் சோறு போடும் இடம் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவுக்கு அது அந்த மார்ச்சில்தான் கண்ணில் பட்டது.

குறுக்கே நின்ற விதி என்ன ஆயிற்று? அமெரிக்காவில் பள்ளி உணவு கல்வித் துறையின் கீழ் வருவதில்லை. வேளாண்மைத் துறையின் கீழ் வருகிறது. மார்ச் 18 அன்று நிறைவேறிய அவசரச் சட்டம், நாடு முழுமைக்கும் ஒரே வீச்சில் விதிவிலக்குத் தரும் அதிகாரத்தை அத்துறைக்கு வழங்கியது. கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை, பெற்றோர் வாங்கிப் போகலாம், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாகவே கொடுக்கலாம், பல நாள் உணவைச் சேர்த்தும் கொடுக்கலாம் என்று வரிசையாக ஆணைகள் வந்தன. இதையெல்லாம் படித்தபோது ஒரு கேள்வி எழாமல் இல்லை. சில நாட்களில் தளர்த்த முடிந்த விதியை இத்தனை பத்தாண்டுகள் ஏன் இறுக்கி வைத்திருந்தார்கள்? கலிபோர்னியா அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டது என்றே நினைக்கிறேன். 2022ஆம் கல்வியாண்டு முதல் அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில், ஏழை பணக்காரர் என்று பிரிக்காமல், கேட்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் காலையும் மதியமும் இலவச உணவு.

வயிற்றுக்கு அடுத்தது பாடம். இந்த மாவட்டத்துக்குச் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி நிலையம் இருக்கிறது. கே.எல்.சி.எஸ். என்ற அந்த நிலையம் 1973 முதல் ஒளிபரப்பாகிறது. பள்ளி மூடிய முதல் வாரமே உள்ளூர்ப் பொது ஒளிபரப்பு நிலையங்களோடு கைகோத்து, வகுப்புவாரியாக நேரம் பிரித்துப் பாட நிகழ்ச்சிகளைக் கொடுக்க அதனால் முடிந்தது. இணையம் இல்லாத வீட்டிலும் ஒரு பழைய டிவி இருக்கும் என்ற கணக்கு.

அமெரிக்கப் பள்ளிகள் இப்படி வான்வழியே பாடம் அனுப்பியது அது முதல் தடவை இல்லை. 1937இல் சிகாகோவில் இளம்பிள்ளைவாதம் பரவியது. போலியோ தடுப்பூசி வருவதற்கு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்த காலம். கோடை விடுமுறைக்குப் பின் திறக்க வேண்டிய பள்ளிகள் திறக்கவில்லை. வில்லியம் ஜான்சன் என்பவர் அப்போது நகரத்தின் பள்ளித் தலைவர். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்துவது என்று முடிவாயிற்று. ஆறு வானொலி நிலையங்கள் நேரத்தை இலவசமாகத் தந்தன. எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் எப்போது என்ற அட்டவணையும், கேள்விகளும், வீட்டுப் பாடமும் காலைச் செய்தித்தாளில் அச்சாயின. ஒவ்வொரு பாடமும் கால் மணி நேரம். சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்து, ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதாயிற்று. மூன்று வாரத்துக்குள் பள்ளிகள் திறந்துவிட்டதால் அந்தச் சோதனை அத்தோடு நின்றது. வானொலிப் பெட்டி இல்லாத வீடுகள், அலை சரியாக எட்டாத தெருக்கள், வானொலி ஆசிரியரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகள் என்று அன்று எழுந்த புகார்களில், வானொலி என்ற இடத்தில் இணையம் என்று போட்டால் 2020ஆம் ஆண்டின் புகார்கள் வந்துவிடும்.

அந்தப் புகார்களின் அளவு லாஸ் ஏஞ்சல்ஸில் சீக்கிரமே தெரிந்தது. பள்ளி மூடி இரண்டு வாரம் ஆனபோது, மாவட்டத்தின் சுமார் 1,20,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 15,000 பேரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. இன்னும் பல்லாயிரம் பேர் தினமும் தொடர்பில் வரவில்லை. சூப்பரின்டென்டன்ட் என்ற தலைமைப் பொறுப்பில் இருந்த ஆஸ்டின் பியூட்னர் கருவிகளுக்கும் இணைய இணைப்புக்குமாக 10 கோடி டாலரை அவசரமாக ஒதுக்கினார். மடிக்கணினிகளையும் ஹாட்ஸ்பாட் கருவிகளையும் வாங்கி விநியோகிக்க மாதங்கள் பிடித்தன. நாட்டின் எல்லாப் பள்ளி மாவட்டங்களும் அதே நேரத்தில் அதே பொருளைத் தேடிக்கொண்டிருந்தன. டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் ஓடாமல் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிப் பேருந்துகளில் வைஃபை பொருத்தி, இணையம் குறைந்த குடியிருப்புகளில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காலையில் வந்து நிற்கும், வகுப்பு முடியும் நேரம்வரை நிற்கும். பிள்ளைகளை ஏற்றிப் போன வண்டி, நின்ற இடத்திலேயே பாடத்தை இறக்கிக் கொடுத்தது. கலிபோர்னியாவின் சலினாஸ் ஊரிலோ, 2020 ஆகஸ்டில் இரண்டு சிறுமிகள் ஒரு துரித உணவகத்தின் வெளியே தரையில் உட்கார்ந்து அந்தக் கடையின் வைஃபையில் படித்துக்கொண்டிருந்த புகைப்படம் நாட்டையே உலுக்கியது. சுற்றிலும் உலகத்துக்கே கீரை விளைவிக்கும் வயல்கள்; கொஞ்சம் வடக்கே போனால் சிலிக்கன் பள்ளத்தாக்கு.

உணவும் இணையமும் ஒரே மாவட்டத்தின் கையில் இருந்தும் ஒன்று சில நாளில் ஓடியது, மற்றொன்று மாதக்கணக்கில் தவழ்ந்தது. சமையலறை, குளிர்பதனக் கிடங்கு, லாரி, சமையல்காரர், கணக்கு எழுதுகிறவர் என்று உணவுக்கு ஒரு முழுச் சங்கிலி ஏற்கெனவே இருந்தது. கடைசிக் கண்ணியை மட்டும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வாசலுக்கு மாற்றினால் போதும். வீட்டு இணையத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அது தனியார் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான விஷயம் என்று அதுவரை எல்லோரும் விட்டுவைத்திருந்தார்கள்.

இதற்கு நடுவே மாவட்டத்தின் பணமே எதை நம்பி வருகிறது என்ற கேள்வியும் எழுந்தது. கலிபோர்னியாவில் மாநில அரசு தரும் நிதி, பள்ளியில் பெயர் எழுதியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. தினசரி வருகையின் சராசரியைப் பார்த்து வருகிறது. ஒரு குழந்தை காய்ச்சலில் வீட்டில் படுத்தால் அன்றைக்கு மாவட்டத்தின் வருமானம் ஒரு துளி குறையும். பள்ளியே இல்லை என்றால்? மாநிலச் சட்டமன்றம் ஒரு காரியம் செய்தது. 2020 பிப்ரவரி 29 வரையிலான வருகையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகான நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. அந்த ஒரு முடிவினால்தான் வாசல்களில் உணவு கொடுத்தவர்களுக்கும், பேருந்து ஓட்டுநர்களுக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும் சம்பளம் தொடர்ந்து போனது. பெருந்தொற்றைப் பற்றிய கதைகளில் யாரும் சொல்லாத பகுதி இது. எனக்கு இது தடுப்பூசிக்கு அடுத்த நிலையில் வைக்க வேண்டியதாகத் தோன்றுகிறது.

பள்ளியை மூடுவதைவிடத் திறப்பது எத்தனையோ மடங்கு கடினம் என்று அடுத்த ஓராண்டு காட்டியது. காரணம் காற்று.

கொரோனா வைரஸ் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அது தனியாகப் பறப்பதில்லை. பேசும்போதும், பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட நம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஈரத் துகள்கள் வருகின்றன. ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான், ஐந்து மைக்ரான். வைரஸ் அவற்றில் ஏறிக்கொண்டு அறைக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். முதல் சில மாதங்களில் பள்ளிகள் மேசையைத் துடைப்பதிலும் கைப்பிடியைக் கழுவுவதிலும் செலவிட்ட உழைப்பு கொஞ்சநஞ்சமில்லை. காற்றுதான் முக்கியம் என்று அறிவியல் உறுதியாகச் சொல்லத் தொடங்கிய பின் கேள்வி மாறியது: இந்த வகுப்பறையில் ஒரு குழந்தை இழுக்கும் மூச்சில், மற்றவர்கள் விட்ட மூச்சு எவ்வளவு?

அதை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்கு. நாம் வெளியே விடும் மூச்சிலோ அது 40,000 பங்குக்கு அருகில் இருக்கும். ஆகவே வகுப்பறையில் அந்த வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், அறைக் காற்றில் பிறர் மூச்சின் பங்கு தெரிந்துவிடும். 1,200 பங்கு என்று கருவி காட்டினால், அங்கே இருப்பவர் இழுக்கும் ஐம்பது மூச்சில் ஒன்று ஏற்கெனவே இன்னொருவர் நுரையீரலுக்குள் போய் வந்தது. 2,000 பங்கு என்றால் இருபத்துநான்கு, இருபத்தைந்துக்கு ஒன்று. ஜன்னல் அடைத்த, பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் 2,000 என்பது அரிதான எண் இல்லை. பாஸ்டன் பள்ளி மாவட்டம் பிற்பாடு 4,000க்கும் மேற்பட்ட வகுப்பறைகளிலும் பிற அறைகளிலும் இந்தக் கருவியை மாட்டி, எந்த அறையில் எவ்வளவு என்று பெற்றோர் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி வைத்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த செயல் அது. தன் குழந்தை எந்தக் காற்றில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தாய் தெரிந்துகொள்ள முடிந்தது.

அளந்தாயிற்று, எப்படிக் குறைப்பது? ஜன்னலைத் திறக்கலாம். திறக்கும் ஜன்னல் இல்லாத கட்டடத்தில் இயந்திரம்தான் காற்றை மாற்ற வேண்டும். அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக் காற்று உள்ளே வந்தால் அதை ஒரு முறை மாற்றம் என்கிறார்கள். ஆனால் புதுக் காற்று பழையதோடு கலந்துகொண்டே வருவதால், ஒரு முறை மாறிய பின்னும் பழைய காற்றில் 37 விழுக்காடு அறையிலேயே இருக்கும். மூன்று முறை மாறினால்தான் 5 விழுக்காட்டுக்கு இறங்கும். மணிக்கு நான்கிலிருந்து ஆறு முறை மாற வேண்டும் என்று ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி வல்லுநர்கள் வகுப்பறைகளுக்குச் சொன்னார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020 ஜூனில் வெளியிட்ட அறிக்கையோ, நாட்டின் 41 விழுக்காடு பள்ளி மாவட்டங்களில் குறைந்தது பாதிப் பள்ளிகளில் காற்றோட்ட இயந்திரங்களைச் சீரமைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கிறது என்றது. பல ஆண்டுகளாகப் பட்ஜெட் பற்றாக்குறை என்று தள்ளிப்போட்ட வேலை அது.

லாஸ் ஏஞ்சல்ஸ் தன் பள்ளிகளின் இயந்திரங்களில் வடிகட்டிகளை மெர்வ்-13 என்ற தரத்துக்கு உயர்த்தியது. வடிகட்டி என்றதும் நாம் சல்லடையை நினைக்கிறோம்: ஓட்டையைவிடப் பெரியது நிற்கும், சிறியது போய்விடும். காற்று வடிகட்டி அப்படி வேலை செய்வதில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி துகளைவிடப் பல மடங்கு பெரியது. பெரிய துகள்கள் காற்றோடு சேர்ந்து வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக மிகச் சிறிய துகள்களோ காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளுவதால் தாறுமாறாக அலைந்து, கடைசியில் ஏதோ ஓர் இழையில் சிக்கிவிடுகின்றன. தப்பிப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளவை, 0.3 மைக்ரானுக்கு அருகில் இருப்பவை. அதனால்தான் வடிகட்டிகளுக்கு அந்த அளவில் பரீட்சை வைக்கிறார்கள். 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களில் பாதியையாவது மெர்வ்-13 பிடிக்க வேண்டும்; 1 முதல் 3 மைக்ரான் வரை என்றால் 85 விழுக்காட்டை. வைரஸ் பெரும்பாலும் சவாரி செய்வது இந்த வரம்புகளுக்குள்தான்.

பெரிய இயந்திரம் இல்லாத பள்ளிகளுக்கு 2020 ஆகஸ்டில் ஒரு வழி பிறந்தது. ரிச்சர்ட் கோர்சி என்ற காற்றுத்தரப் பொறியாளரின் யோசனையை, டெக்சாஸில் வடிகட்டி தயாரிக்கும் ஜிம் ரோசென்தால் செய்து பார்த்தார். நான்கைந்து மெர்வ்-13 வடிகட்டிகளைப் பெட்டி போல நிறுத்தி, மேலே ஒரு சதுர மின்விசிறியை வைத்து, ஒட்டுநாடாவால் சுற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். நூறு டாலருக்குள் முடிகிற இந்தப் பெட்டி, பல மடங்கு விலையுள்ள கருவிகளுக்கு இணையாகக் காற்றைச் சுத்தம் செய்கிறது என்று ஆய்வகங்கள் அளந்து சொல்லின. பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளே தங்கள் வகுப்புக்கு இதைச் செய்துகொண்டார்கள்.

காற்றையும் பள்ளியையும் சேர்த்து யோசிப்பது இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இல்லை. 1908இல் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில், காசநோய் தொட்ட குழந்தைகளுக்காகச் சுவரெல்லாம் ஜன்னலாக ஒரு பள்ளியைத் திறந்தார்கள். பனிக்காலத்திலும் பிள்ளைகள் போர்வைக்குள் உட்கார்ந்து படித்தார்கள். 1918 இன்ஃபுளுவென்சாவில் நாட்டின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடியபோது நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட் சொன்ன காரணம் எளியது: நகரத்தின் பத்து லட்சம் பள்ளிக் குழந்தைகளில் ஏழரை லட்சம் பேர் நெருக்கடியான, வெளிச்சமில்லாத அடுக்குக் குடியிருப்புகளில் வசிக்கிறார்கள், அதைவிடப் பெரிய, காற்றோட்டமான பள்ளியில் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. பிள்ளைகள் வழியில் கூடி நிற்காமல் நேரே வகுப்புக்குப் போக வேண்டும். ஆசிரியர் தினமும் ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம். இதை அந்த நகரம் துணிந்து செய்ய முடிந்ததற்குப் பின்னால் இருபது ஆண்டு உழைப்பு இருந்தது. 1897 முதலே அங்கே பள்ளிகளில் மருத்துவச் சோதனை உண்டு. 1902இல் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் பள்ளிகளில் வேலை தொடங்கி, தோல்நோய்க்கும் கண்நோய்க்கும் வீட்டுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வராமல் போன பிள்ளைகளைத் தேடிப் போய் மருந்திட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தார். குழந்தைநல மருத்துவர் ஜோசபின் பேக்கர் அந்த அமைப்பைப் பெரிதாக்கினார். நூறாண்டுக்குப் பின், 2017இல் பள்ளிச் செவிலியர் சங்கம் எடுத்த கணக்கில், அமெரிக்கப் பள்ளிகளில் நான்கில் ஒன்றில் செவிலியரே இல்லை.

அந்தக் குறையை ஈடுகட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் எடுத்தது பரிசோதனை என்ற ஆயுதம். அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஊழியருக்கும் வாரந்தோறும் பிசிஆர் சோதனை. மாநிலத்தின் வடபகுதியில் ரோபோக்கள் இயக்கும் ஓர் ஆய்வகத்துக்கு மாதிரிகள் போய், மறுநாளே முடிவு வரும். மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது: பத்துப் பேர் வரை எடுத்த மாதிரிகளை ஒரே குழாயில் போட்டு ஒரே சோதனை. 1943இல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியலாளர், ராணுவத்தில் சேர்ந்தவர்களின் ரத்தத்தில் சிஃபிலிஸ் நோயைத் தேட யோசித்த முறை அது. அதன் கணக்கு அழகானது. நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருக்கும் ஊரில் ஆயிரம் குழந்தைகள் என்று வையுங்கள். பத்துப் பத்தாக நூறு குழாய். அவற்றில் பத்துக் குழாயில் மட்டும் நோய் தெரியும். அந்த நூறு பேரைத் தனித்தனியே மறுபடி சோதித்தால் போதும். ஆயிரம் சோதனை செய்ய வேண்டிய இடத்தில் இருநூறு. ஆனால் நோய் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு என்று ஏறிவிட்டால், நூறில் எண்பது குழாய்களில் நோய் தெரியும். அப்போது மொத்தம் தொள்ளாயிரம் சோதனை. முறையின் பலன் பெரும்பாலும் கரைந்துவிடும்.

2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே அளவுக்கு ஏறியது. ஒமைக்ரான் அலையில், விடுமுறை முடிந்து திரும்பும் எல்லோரையும் சோதித்ததில் 60,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தொற்று தெரிந்தது. சோதித்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர். ஆனாலும் ஜனவரி 11 அன்று பள்ளிகள் திறந்தன. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் வரவில்லை. ஆசிரியர்களிலும் பலர் வீட்டில் படுத்திருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் கோப்புப் பார்த்துக்கொண்டிருந்த, ஆசிரியர் தகுதி பெற்ற அதிகாரிகள் சாக்பீஸ் பிடிக்கப் போனார்கள். நாட்டின் வேறு மூலைகளில் நிலைமை இன்னும் மோசம். நியூ மெக்சிகோவில் தேசியக் காவல் படையினரை மாற்று ஆசிரியர்களாக அழைத்தார்கள். அந்த மாநில ஆளுநரே ஒரு மழலையர் வகுப்பில் போய் நின்றார். மாசசூசெட்ஸில் முந்தைய செப்டம்பரிலேயே காவல் படையினர் பள்ளி வேன் ஓட்டினார்கள்.

நடுவில் ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன்: 2021 ஏப்ரல், லாஸ் ஏஞ்சல்ஸில் ஓராண்டுக்குப் பின் வகுப்பறை திறந்த மாதம். அதற்கு முன்னால் ஆசிரியர் சங்கத்தோடு நெடிய பேச்சுவார்த்தை நடந்தது. தடுப்பூசி, காற்று வடிகட்டி, மாணவர்களுக்கு இடையிலான தூரம், ஊரில் தொற்று எவ்வளவு குறைந்தால் திறப்பது என்று ஒவ்வொன்றையும் எழுதி ஒப்பமிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் பாதி, மதியம் பாதி. உயர்நிலைப் பள்ளியில் விந்தையான ஏற்பாடு: மாணவர் ஒரே அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கணினியில் அதே இணைய வகுப்பைக் கேட்க வேண்டும். அறைக்கு அறை மாறினால் தொற்று பரவும் என்பது காரணம். வந்தவர்கள் தொடக்கப் பள்ளியில் நூற்றுக்கு முப்பது பேர், நடுநிலையில் பன்னிரண்டு, உயர்நிலையில் ஏழே ஏழு. வசதியான பகுதிகளில் அதிகம் பேர் திரும்பினார்கள். ஏழைப் பகுதிகளில் குறைவு. அதைப் பார்த்து, அந்தப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று பேசினால் அது பெரிய அநியாயம். அதற்குச் சற்று முந்தைய குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் மரணம் அதிகம் புகுந்தது அவர்களுடைய வீடுகளில். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வசிக்கும்போது, பள்ளியிலிருந்து வரும் பேரன் தாத்தாவுக்கு எதைக் கொண்டுவருவான் என்று கணக்குப் போட்டுத்தான் அவர்கள் முடிவெடுத்தார்கள். வடிகட்டியின் தரத்தை மாவட்டம் விளக்கியது. நம்பிக்கையை வடிகட்டியால் தர முடியவில்லை.

வராமல் பழகியவர்கள் பிறகும் முழுதாக வரவில்லை. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராதவர்களை நீடித்த வருகைக் குறைவு உள்ளவர்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் அவர்கள் 2018–19இல் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். 2021–22இல் முப்பது. இதில் காய்ச்சலுக்கும் தனிமைப்படுத்தலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் தினமும் காலையில் எழுந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்புவது என்ற பழக்கமே பல வீடுகளில் அறுந்துபோயிருந்தது. அதை ஒட்டவைக்க மாவட்டத்து ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். 1902இல் லினா ரோஜர்ஸ் ஏறிய படிகளைப் போன்ற படிகள்தான்.

மூன்று தவணையாக மத்திய அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த அவசர நிதி 19,000 கோடி டாலருக்கு அருகில். வடிகட்டிகள், காற்றோட்ட இயந்திரங்கள், கூடுதல் செவிலியர்கள், மனநல ஆலோசகர்கள், வீடு தேடிப் போகும் ஊழியர்கள் என்று அதில் பல மாவட்டங்கள் நல்லபடியாகவே செலவிட்டன. கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்குவதற்கான கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. உணவுக்கான நாடு தழுவிய விதிவிலக்குகள் அதற்கு இரண்டாண்டு முன்னரே காலாவதியாகிவிட்டன. மெர்வ்-13 வடிகட்டி சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும்; கழற்றிப் புதியது போட வேண்டும். செவிலியருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். அந்தச் செலவை இனிச் சொந்தப் பணத்தில் செய்வதா, நிறுத்துவதா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் பட்ஜெட் கூட்டத்தில் கையைத் தூக்கி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.